தையல் என் பக்கம் இருந்தது

பெப்ரவரி 11, 2025. செவ்வாய்

நேற்று அமெரிக்காவில் பெரிய இறுதி ஆட்டம். ஆகவே இன்று எனக்குக் கேடுகாலம் என்று காலையிலேயே தெரியும். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் சிட்னிப் பிள்ளைகளுக்கு அமெரிக்கன் ஃபுட்போல் என்று ஒரு விளையாட்டு இருப்பது நினைவுக்கு வரும். பிறகு இணையத்தில் அதையும் இதையும் தேடுவார்கள். தேடினால் நான் வருவேன்.

பத்தாம் வகுப்புக்கு உடற்கல்விப் பாடம். நான் மைதானத்துக்குப் போய்ச் சேர முதலே எல்லாரும் வரிசையாக நின்றார்கள். இரண்டு கையையும் விரித்து, தோளைக் குலுக்கி, ஒரே குரலில்: “ஐ ஜஸ்ட் ஹோல்ட் இட். ஹி கிக்ஸ் இட்.”

சிரித்தேன். வாத்தி சிரிக்காவிட்டால் பிறகு அந்தத் தவணை முழுக்க அவனை வைத்துத்தான் விளையாட்டு. சிரித்துவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டேன். வெயில் கொளுத்தியது. ஓடட்டும்.

‘நான் பிடிக்கிறது மட்டும், உதைக்கிறது அவன்.’ அந்த வசனம் கபிலனுடையது. நாசமாய்ப் போவான்.

ஜேர்மனியில், ரூர்ப் பக்கம், ரூர் பைசன்ஸ் என்றொரு தொழில்முறை அணி இருந்தது. 2022இல் ஒரே ஒரு கோடைக்காலம் உயிரோடு இருந்தது. நான்தான் அதன் கிக்கர், பந்தைக் கம்பங்களுக்கு நடுவால் உதைக்கிறவன். சின்ன வயதிலிருந்து இங்கே ஏ.எஃப்.எல். என்ற அவுஸ்திரேலிய ஃபுட்போல் விளையாடித் தூரத்துக்கு உதைக்கப் பழகிய கால், அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். கபிலன் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெடியன், என் ஹோல்டர். அதாவது, பின்னுக்கு எறியும் பந்தை முழங்காலில் இருந்தபடி பிடித்து, நிலத்தில் நிமிர்த்தி வைத்து, நான் உதைக்கும்வரை விரலால் தாங்கிக்கொண்டிருப்பவன். அந்தப் பந்தின் ஒரு பக்கத்தில் தடித்த வெள்ளைத் தையல் உண்டு. அது கம்பங்களைப் பார்த்து இருக்கவேண்டும். உதைக்கிறவன் பக்கம் இருந்தால், கால் தையலில் பட்டுப் பந்து விலகும். தையலைத் திருப்பிவிடுவதுதான் ஹோல்டரின் வேலை. வேறு ஒரு மண்ணும் இல்லை.

கடைசி ஆட்டம், சொந்த மைதானம், கடைசி வினாடி. கிட்டத்து உதை. நித்திரையில் தட்டி எழுப்பினாலும் நான் போடுவேன். காலைத் தூக்கிய பிறகுதான் கண்டேன், தையல் என் பக்கம் இருந்தது. பந்து வலப்பக்கக் கம்பத்துக்கு வெளியே போனது. வென்றிருந்தால் அடுத்த சுற்று. தோற்றோம். டிசம்பரில், நத்தாருக்கு முதல், அணியைக் கலைத்துவிட்டார்கள்.

அன்றைக்கு மைதானத்திலேயே கமராக்காரன் கபிலனிடம் கேட்டான், என்ன நடந்தது என்று. அவன் சிரித்துக்கொண்டு, கையை விரித்து, அந்த வசனத்தைச் சொன்னான். நான் பத்தடி தள்ளித் தலைகுனிந்து நிற்கிறேன், அதுவும் படத்தில் இருக்கிறது. ‘ஓர் அணியைக் கொன்ற உதை’ என்று ஆரோ தலைப்புப் போட்டார்கள். அது உலகம் முழுக்கப் போனது.

மறக்கமாட்டன். அவன் மறந்திருப்பான், நான் மறக்கமாட்டன்.

பெப்ரவரி 12. புதன்

மிருணாளினி சாப்பிடும்போது சொன்னாள்: “லக்சன், நீ தினமும் அவனுக்கு விளக்கேத்திட்டு இருக்க. அவனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.”

என் மனைவிக்கு மனதில் வைத்துக் கறுவத் தெரியாது. கோயம்புத்தூரில் இனிப்பான சிறுவாணித் தண்ணி குடித்து வளர்ந்தவள். எங்கட ஆக்கள் உவர்க்கிணறு.

மார்ச் 2. ஞாயிறு

காலை மெல்பேர்னிலிருந்து அம்மா போன் எடுத்தா.

“அப்பன், உங்கடை பென்டில் ஹில் விமலாதேவி அன்ரியைத் தெரியுந்தானே? அவவின்ரை மகள் வினுஷாவுக்கு ஜேர்மனியில ஒரு சம்பந்தம் வந்திருக்காம். குறிப்பும் பொருந்திட்டுதாம். பெடியன் உன்னோடை ஃபுட்போல் விளையாடினவனாம். அன்ரி உன்னட்டை விசாரிக்கப் போன் எடுப்பா. மரியாதையாக் கதை, என்ன?”

“ஆர் பெடியன்?”

“கபிலனாம்.”

மரியாதையாகக் கதைக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கராஜுக்குள் போனேன். கதவைச் சாத்திவிட்டு, வயிறு நோகும்வரை சத்தமில்லாமல் சிரித்தேன். அரசன் அன்றறுப்பான், தெய்வம் நின்றறுக்கும் என்பார்கள். இந்த முறை தெய்வம் கத்தியைத் தீட்டி என் கையிலேயே தந்திருக்கிறது.

மிருவுக்கு விளங்கவில்லை. “ஒரு போன் காலா? அதுக்கு ஏன் இப்படி ஆடற?” என்றாள். விளக்கப்படுத்தினேன். எங்கள் ஆட்களின் கலியாணத்தில் குறிப்புப் பார்ப்பது பேருக்கு. ஓர் ஐயருக்குப் பொருந்தாவிட்டால் இன்னோர் ஐயர் பொருத்தித் தருவார். விசாரணைதான் உண்மையான பரீட்சை. பெடியனோடு படித்தவன், வேலை செய்தவன், ஒரு வீட்டில் இருந்தவன் என்று ஆரையாவது தேடிப் பிடித்து ஒரு போன் போடுவார்கள். யாரும் கெட்டதாக ஒன்றும் சொல்லமாட்டார்கள். பாவம் பிடிக்கும். ஆனால், பிடிக்காவிட்டால் கொஞ்சம் தாமதித்து, ‘எனக்கு அவ்வளவாத் தெரியாது அன்ரி, வேற ஆரிட்டையும் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ’ என்பார்கள். அவ்வளவுதான். கேட்டவர் நன்றி சொல்லிப் போனை வைப்பார். சம்பந்தம் அங்கேயே செத்துப்போகும்.

“இது பொய்யில்ல, ஆனா பொய்யவிட மோசம்” என்றாள் மிரு.

அதுதான் அதின்ரை அழகு.

மார்ச் 4. செவ்வாய்

வேறு வழிகளையும் யோசித்துப் பார்த்தேன். குடிப்பான் என்று சொல்லலாம். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெட்டையோடு இருந்தவன் என்று சொல்லலாம். வேண்டாம். பொய் சொன்னால் பிடிபடும், பிடிபட்டால் அவன் தியாகி ஆகிவிடுவான். அந்த ஒரு வசனம் போதும். அவனும் என்னை ஒரு வசனத்தில்தானே முடித்தான்.

பள்ளிக்கூடத்தால் வரும்போது காருக்குள் பழகினேன். ‘எனக்கு அவ்வளவாத் தெரியாது அன்ரி.’ முதல் தரம் மிகவும் கடுமை. இரண்டாம் தரம் குரலில் சந்தோஷம் தெரிந்தது. தாமதம்தான் கஷ்டம். கூடினால் நடிப்பு, குறைந்தால் உண்மையிலேயே தெரியாதவன் போலிருக்கும். வின்ட்சர் ரோட்டில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது பக்கத்துக் காரில் இருந்த மனிசி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

மார்ச் 6. வியாழன்

இன்னும் போன் இல்லை. இந்த அன்ரிக்கு மகளின்ரை கலியாணத்தில ஒரு அக்கறையும் இல்லையோ?

மார்ச் 9. ஞாயிறு

வந்தது. மத்தியானம், உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது.

முதலில் என் வேலை, மிருவின் வேலை, கெல்லிவில்லில் வீட்டு விலை, எல்லாம் விசாரித்தார். பிறகு குரலைத் தணித்தார்.

“அப்ப தம்பி, அந்தக் கபிலன் எண்ட பெடியன். ஆள் எப்பிடி? குணம், பழக்கவழக்கம்? எங்களுக்கு ஒரே ஒரு பிள்ளை, அதுதான் கேக்கிறன்.”

நான் கொடியில் ஒரு துவாயை விரித்தேன். கிளிப் போட்டேன். இன்னொரு கிளிப் போட்டேன்.

“எனக்கு அவ்வளவாத் தெரியாது அன்ரி. வேற ஆரிட்டையும் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.”

“விளங்குது தம்பி. நீங்கள் எடுத்துச் சொன்னது பெரிய உதவி” என்றார்.

நான் ஒன்றும் எடுத்துச் சொல்லவில்லை. பொன்னைத் தூக்கிக் கையில் தந்ததுபோல் இருந்தது அந்த நன்றி. உள்ளே வந்து இரண்டு பேருக்கும் தேத்தண்ணி போட்டேன். மிரு கோப்பையை வாங்கினாள், முகத்தைப் பார்க்கவில்லை.

“ஒரு சீசன் முழுக்க அவன்கூட ஒரே வீட்டுல இருந்த. ‘அவ்வளவாத் தெரியாது’ன்னு சொல்றே.”

“நான் தீர்ப்புச் சொல்லேல்லை மிரு. கேட்டதுக்குப் பதில் சொன்னனான். முடிவெடுக்கிறது அவையள்.”

“அவன் சொன்னதும் இதே தானே? நான் பிடிச்சேன், உதைச்சது அவன்னு.”

இன்றைக்குச் சமையல் நான்தான் செய்தேன். அவள் பசியில்லை என்றுவிட்டாள்.

மார்ச் 22. சனி

முறிந்தது. அம்மா சொன்னா. ‘பெடியன்ரை கதை அவ்வளவு சரியில்லையாம், விமலாதேவி ஆக்கள் வேண்டாம் எண்டிட்டினம்.’ யார் சொன்னதாம் என்று கேட்டேன். ‘ஆரோ விசாரிச்ச இடத்தில’ என்றா. என் பெயர் இல்லை. சுத்தமான வேலை.

பென்டில் ஹில்லுக்குப் போய்க் கொத்துரொட்டி வாங்கி, காருக்குள்ளேயே இருந்து சாப்பிட்டேன். உறைப்புக் கூட. கண்ணால் தண்ணி ஓடியது, நல்லாயிருந்தது. இப்ப தெரியட்டும் அவனுக்கு. கையை விரிச்சுக்கொண்டு நிக்கட்டும், கமராக்கு முன்னால.

ஏப்ரல் 5. சனி

அந்தப் பெட்டையை இன்றைக்குத்தான் முதன்முதல் கிட்டத்தில் பார்க்கிறேன்.

பென்டில் ஹில் கடைக்கு அரிசி மூட்டை வாங்கப் போனேன். கார் டிக்கியைத் திறக்கும்போது பின்னால், “லக்சன் அண்ணா?” மருந்துக்கடைச் சீருடையோடு நின்றாள். வேலை முடிந்து வந்திருக்கவேண்டும்.

“நான் வினுஷா. அம்மாவுக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“நான் கெட்டதா ஒண்டும் சொல்லேல்லை.”

“ஐ நோ. ஒருத்தரும் சொல்லமாட்டினம். எல்லாரும் உப்பிடித்தான் செய்வினம்.” ஓர் அடி கிட்ட வந்தாள். “நானும் கபிலனும் ரெண்டு வருஷமா லவ் பண்ணுறம் அண்ணா. லவ் எண்டா அம்மா விடமாட்டா. அதான் புரோக்கரைப் பிடிச்சு, பேசி வந்த மாதிரிக் கொண்டுவந்தனாங்கள். எல்லாம் சரி. குறிப்புச் சரி. விசாரிக்க ஆரின்ரை பெயர் குடுக்கிறதெண்டு கேட்டவை. உங்கடை பேரைக் குடுத்ததே அவர்தான்.”

எனக்கு விளங்கவில்லை. “ஆர்?”

“கபிலன். ‘லக்சன் என்னோடை கோவம்தான், ஆனா அவன் அநியாயம் சொல்லமாட்டான்’ எண்டு.”

அரிசி மூட்டையை நான் இன்னும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பத்துக் கிலோ. கை கடுத்தது.

“அவன் எனக்குச் செய்ததை உங்களுக்குச் சொன்னவனோ?”

“முதல் நாளே சொன்னவர். பந்தைத் திருப்ப மறந்திட்டார். அந்த நேரம் பயம், வேற ஃபுட்போல் ரீம் ஒண்டு அவரை எடுக்கிற மாதிரி இருந்ததாம், அதால வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டார். பிறகு உங்களுக்கு மெசேஜ் போட்டவர். யூ ப்ளொக்ட் ஹிம்.”

ஓம், புளொக் பண்ணினனான். பண்ணாமல்?

அந்த நேரம் எனக்கு என்ன வரவேண்டும்? இரக்கம் வரவேண்டும். வந்தது ஆத்திரம். அவளுக்குச் சொல்லியிருக்கிறான். ஒரு பெட்டைக்கு, முதல் நாளே, வேறு ஆரும் கேட்காமல். எனக்குக் கல்லெறிந்தது ஊருக்கு முன்னால், மன்னிப்புக் கேட்டது காதுக்குள்ளே.

“அப்ப கமராக்கு முன்னால சொல்லச் சொல்லுங்கோ. அவன்ரை வாயால. தையல் என்ரை பக்கம் இருந்தது, பிழை தன்ரை எண்டு. ஊரறிய. சொன்னா, நான் உங்கடை அம்மாவோடை திருப்பிக் கதைக்கிறன்.”

அவள் போனைக் கையில் எடுத்தாள்.

“டீலா அண்ணா?”

“ஓம்.”

“சரி. நான் சொல்லுறன். ஹி வில் டூ இட்.”

மிருவுக்குச் சொன்னேன். அவள் அரிசியை டப்பாவில் கொட்டிக்கொண்டே, “வெக்கமா இல்லையா லக்சன்?” என்றாள். இல்லை. இன்றைக்கு இல்லை.

ஏப்ரல் 10. வியாழன்

கபிலன் வீடியோவைப் போட்டுவிட்டான்.

தாடி வைத்திருக்கிறான். கொஞ்சம் கொழுத்திருக்கிறான். பின்னால் ஏதோ குசினி, அடுப்பில் சட்டி. ஆங்கிலத்தில் ஒருதரம், ஜேர்மன் மொழியில் ஒருதரம். அன்றைக்குப் பந்து தன் கைக்கு வந்தபோது தையல் பின்னுக்கு இருந்தது, தான் திருப்பவில்லை, அதற்குப் பிறகு சொன்னது கோழைத்தனம் என்றான். என் பெயரை முழுதாகச் சொன்னான். கடைசியில் தமிழில், “மச்சான், சொறி” என்றான். சிரிக்கவில்லை.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். சாப்பிட உட்கார்ந்து மூன்று முறை கறி போட்டுக்கொண்டேன். மனிசனுக்கு மானம் திரும்பி வந்தால் பசியும் வருமோ? சொல்லவைச்சன். அவனைச் சொல்லவைச்சன்.

ஏப்ரல் 11. வெள்ளி

தவணையின் கடைசி நாள். பத்தாம் வகுப்புக்கு அதைப் போட்டுக் காட்டினேன். மரியாதையாகப் பார்த்தார்கள். “ஓ, குட் ஃபோர் யூ சேர்” என்றாள் ஒருத்தி. வெளியே போகும்போது இன்னொருத்தன் தன் சிநேகிதனுக்குத் தோளைக் குலுக்கிக் கையை விரித்துக் காட்டினான். என்னைப் பார்த்துச் செய்யவில்லை. பழக்கத்தில் செய்தான்.

பழைய படம் இலட்சக்கணக்கில் ஓடிவிட்டது. இதைப் பார்த்தவர்கள் ஒரு கலியாண மண்டபம் நிரம்பமாட்டார்கள். கீழே ஒருவர் எழுதியிருக்கிறார்: ‘எந்த அணி?’

ஏப்ரல் 12. சனி

வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும். விமலாதேவி அன்ரிக்குப் போன் எடுத்தேன். எழுதி வைத்துக்கொண்டு வாசித்தேன் என்றே சொல்லலாம். கபிலன் நல்ல பெடியன், பொறுப்பானவன், குடும்பத்தோடு ஒட்டு, நான் அன்றைக்கு வேறு யோசனையில் இருந்தேன், சரியாகச் சொல்லவில்லை.

அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு:

“தம்பி, அண்டைக்கு அப்பிடிச் சொன்னியள். இண்டைக்கு இப்பிடிச் சொல்லுறியள். ஒருத்தரும் கேக்காமல் நீங்களா எடுத்துச் சொல்லுறியள். ஆரும் உங்களைக் கதைக்கச் சொன்னவையோ?”

“இல்லை அன்ரி.”

“வினுஷா வந்தவளோ?”

பதில் வாய்வரை வந்து நின்றுவிட்டது. இந்த முறை நான் பழகிவைத்த தாமதம் இல்லை இது. ஆனால் அவருக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் அதைப் படிக்கத் தெரிந்தவர்.

“அப்ப அவளுக்கு அவனை முதலே தெரியும்” என்றார். என்னிடம் கேட்கவில்லை, தனக்குத்தான் சொன்னார். போனை வைத்துவிட்டார்.

கடவுளே. நான் போய் மூடியிருந்ததையும் திறந்துவிட்டு வந்திருக்கிறேன். எங்கள் ஆட்களின் எத்தனை கலியாண விசாரணையைக் கண்டவன் நான். முதலில் மறைத்தவன் பிறகு புகழ்ந்தால், அதற்கு யார் என்ன அர்த்தம் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் எடுத்தனான். வீடியோ கிடைச்ச சந்தோஷத்தில மூளை வேலை செய்யேல்லை.

வினுஷாவுக்கு என்ன சொல்வது?

ஏப்ரல் 13. ஞாயிறு

அவளே மெசேஜ் அனுப்பியிருந்தாள். ‘அம்மாவுக்கு எல்லாம் தெரியும். என்ரை ஃபோனைப் பறிச்சு வச்சிட்டா. இது நண்பியின் நம்பர். ஏன் அண்ணா?’

நாளைக்குச் சித்திரைப் புத்தாண்டு.

மே 3. சனி

ஒரு பிறந்தநாள் விழா. கூல் ட்ரிங் எடுக்கும் இடத்தில் அருந்தவன் அங்கிள் என் தோளில் கை போட்டார். ஊரில் நடப்பதெல்லாம் இவருக்கு முதல் தெரியும், நடக்காததும் தெரியும்.

“தம்பி, நல்ல காரியம் செய்தீர். அந்த ஜேர்மனிப் பெடியனுக்கு அங்கை ஒரு பிள்ளையும் இருக்காமே. நீர் சொல்லாட்டி அந்தக் குடும்பம் கிணத்துக்குள்ள விழுந்திருக்கும்.”

“நான் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை அங்கிள். அவனுக்குப் பிள்ளையும் இல்லை குட்டியும் இல்லை.”

“ஓமோம். நீர் சொல்லமாட்டீர்.” கண்ணைச் சிமிட்டினார்.

நான் திரும்பவும் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறுக்க மறுக்க அது உறுதியாகிக்கொண்டே போவதை என் கண்ணாலேயே கண்டேன். கபிலனுக்கு ஒரு பிள்ளை பிறந்துவிட்டது, தகப்பன் நான்தான்.

மிரு வீட்டுக்கு வரும் வழியில், “இப்ப உனக்குப் போதுமா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, களைத்துப்போய்க் கேட்டாள். போதும் என்று சொல்லத்தான் நினைத்தேன். சொல்லவில்லை. எனக்கு இன்னும் அவன் மேல் ஆத்திரம் இருந்தது. ஏன் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. கேட்டதெல்லாம் தந்துவிட்டான். பிறகும் எனக்கு என்ன வேணும்?

ஓகஸ்ட் 17. ஞாயிறு

வினுஷா போய்விட்டாள். வேலையை விட்டு, ஒரு சூட்கேசோடு. தகப்பன் விக்னராஜா அங்கிள்தான் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டாராம், தாய்க்குத் தெரியாமல். அங்கே பதிவுத் திருமணம் நடந்துவிட்டது. தாய் தகப்பன் இரண்டு பேரும் போகவில்லை.

என் அம்மா போனில் சொல்லிக்கொண்டே போனா. “விமலாதேவி ஒரு இடமும் வாறதில்லை. ஆக்களின்ரை முகத்தில முழிக்க ஏலாதாம். மகளின்ரை கலியாணச் சீலையை மார்ச்சிலயே பாத்து வைச்சவவாம், பாவம்.”

அவன் வென்றுவிட்டான் என்பதுதான் என் மனதில் முதலில் வந்தது. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் முதலில் வந்தது. நான் கத்தியை வீசினது அவனுக்கு. அவன் குனிந்துவிட்டான். வெட்டுப்பட்டது எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத ஒரு மனிசி.

ஓகஸ்ட் மாதக் குளிரில் வெளியே போய் பழைய பந்தொன்றை வேலியில் உதைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு நாய் குலைத்தது. நிறுத்திவிட்டு உள்ளே வந்தேன்.

செப்டெம்பர் 8. திங்கள்

கபிலனை அன்புளொக் பண்ணினேன். பழைய மெசேஜ் எதுவும் வரவில்லை. புளொக்கில் இருந்தபோது அனுப்பியது வராதாம். நானும் ஒன்றும் எழுதவில்லை.

ஒக்டோபர் 26. ஞாயிறு

பின்னேரம் விமலாதேவி அன்ரி போன் பண்ணினார். ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவை. ஏசத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். ஏசட்டும் என்றுதான் எடுத்தேன்.

“தம்பி, சாப்பிட்டாச்சோ?”

“ஓம் அன்ரி.”

பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது, பிறகு அதை நிறுத்தினார்.

“பிள்ளை என்ரை போனை எடுக்கிறாளில்லை. தேப்பனோடை மட்டும் ரெண்டு சொல்லுக் கதைப்பாள். எனக்கு அங்கை ஒருத்தரையும் தெரியாது. அந்தப் பெடியனைத் தெரிஞ்ச ஆள் எண்டு எனக்கு உங்களைத்தான் தெரியும்.”

“சொல்லுங்கோ அன்ரி.”

“அவளுக்கு ஒரு வருத்தம், துன்பம் எண்டு வந்தா, பாப்பானோ?”

மார்ச்சில் அவர் குணம் எப்படி, பழக்கவழக்கம் எப்படி என்றுதான் கேட்டார். இப்படிக் கேட்டிருந்தால்… இல்லை. இப்படிக் கேட்டிருந்தாலும் அன்றைக்கு நான் சொல்லியிருக்கமாட்டேன். இந்த நாட்குறிப்பில்கூட அந்தக் கதையை நான் இதுவரை எழுதவில்லை. எழுதினால் அவனைக் கறுவ முடியாமல் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

சொன்னேன்.

“அங்கை போய் ரெண்டாம் மாசம் எனக்குக் கொப்பளிப்பான் அம்மை போட்டது அன்ரி. முகம், வாய்க்குள்ள, ஒரு இடம் மிச்சமில்லை. ரீம்காரர் சாப்பாட்டைக் கதவடியில வைச்சிட்டுப் போயிடுவினம். கபிலன் மெத்தையை இழுத்துக்கொண்டு வந்து என்ரை அறையிலேயே படுத்தவன். அவனுக்கு முதல் வந்ததில்லை. தெரிஞ்சுதான் வந்தவன். எங்கையோ தமிழ்க் கடையில காஞ்ச வேப்பமிலை தேடி வாங்கி, அவிச்சு, எனக்குத் தலையில வார்த்தவன். கஞ்சி பருக்கினவன்.”

“ம்.”

“பிறகு அவனுக்கும் போட்டது. எனக்குப் போட்டதிலும் மோசம். அவன் எழும்பி வரேக்கை அவன்ரை இடத்தில வேற ஆள் விளையாடிக்கொண்டு நிண்டது. பந்தைக் கொண்டு ஓடுறதில அவன் நல்ல ஓட்டக்காரன் அன்ரி. அந்த இடம் அவனுக்குத் திரும்பக் கிடைக்கேல்லை. அதுக்குப் பிறகு அவன் முழங்காலில இருந்து எனக்குப் பந்து பிடிச்சதுதான். ஒரு நாளும் என்னட்டை அதைச் சொல்லிக் காட்டினதில்லை.”

மிரு குசினி வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் நான் இதைச் சொன்னதில்லை.

அன்ரி மூக்கை உறிஞ்சினார்.

“இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி.”

“ஓம் அன்ரி” என்றேன்.